அம்புக்குறி இல்லாத வரைபடம்

எத்தியோப்பியாவுக்குப் போய் என்ன அளந்தீர்கள் என்று கோவில்பட்டியில் பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். ஒரு சண்டையை அளந்தேன் என்றால், "அதத்தான இங்கயும் செய்யுதிய" என்று சிரிக்கிறார்கள். அதுவும் சரிதான். நான் தனியார் நில அளவைக்காரன். பத்திரத்தில் இருக்கும் எல்லைக்கும் தரையில் இருக்கும் எல்லைக்கும் நடுவே நின்று, இரண்டு பக்கத்து ஏச்சையும் வாங்கிக்கொள்வது என் பிழைப்பு. ஆனால் இது வேறு சண்டை. எத்தியோப்பியாவை அபிசீனியா என்று சொன்ன காலத்தில், அதைப் பிடிக்க இத்தாலிப் படை வந்தபோது, ஒரு ஓடைக்கரையில் ஒரே ஒரு பகலில் நடந்து முடிந்தது. அதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை.

என்னை அங்கே இழுத்துவிட்டவர் செல்வராஜ். கழுகுமலைக்காரர், அந்த நாட்டில் ஒரு கல்லூரியில் பொறியியல் சொல்லித் தருகிறார். முன்பு அவருடைய அப்பாவின் புஞ்சையை நான்தான் அளந்து கொடுத்தேன். ஒரு நாள் போன் செய்து, "அண்ணாச்சி, இங்கன ஒரு சண்டய அளக்கணும், வாரியளா?" என்றார். அடிதடி கேஸ் என்று நினைத்து, போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். பிறகுதான் விவரம் சொன்னார். அவருடன் வேலை பார்க்கும் சரித்திர ஆசிரியர் பெக்கெலே அந்தச் சண்டைக்கு ஒரு வரைபடம் போட ஆசைப்படுகிறாராம். இடம் முழுக்கக் கரிசல் காடு. கரிசலில் அளந்து பழகிய ஆள் வேண்டுமென்று என் பெயரைச் சொல்லிவிட்டாராம். எனக்கு இத்தாலியும் தெரியாது, அபிசீனியாவும் தெரியாது. கரிசல் தெரியும் என்கிற தைரியத்தில் கிளம்பினேன்.

போய் இறங்கியதிலிருந்தே குழப்பம்தான். அந்த ஊர்க்காரர்கள் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. இது தெரியாமல், காலை இரண்டு மணிக்கு ஜீப் வரும் என்று டிரைவர் சொன்னதை நம்பி, இருட்டில் எழுந்து குளித்துப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டேன். வண்டி எட்டு மணிக்கு வந்தது. நான் டிரைவரை முறைக்க, இவ்வளவு சரியாக வந்தும் இந்த ஆள் ஏன் முறைக்கிறார் என்று அவர் முழிக்க, நடுவில் செல்வராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். வருடக் கணக்கும் வேறு. அங்கே நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால் ஓடுகிறது. வயது குறைந்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் என் மகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று நினைத்தபோது, கட்டிய பீஸையெல்லாம் மறுபடி கட்டச் சொல்வார்களோ என்று பட்டது.

சாப்பாடு இன்ஜெரா. கேழ்வரகைவிடப் பொடியான ஒரு தானியத்தை அரைத்துப் புளிக்க வைத்துச் சுடுகிற தோசை, தாம்பாளம் அகலத்துக்கு. மேலே கொண்டைக்கடலை மாவில் செய்த குழம்பை ஊற்றுகிறார்கள். முதல் வாய் புளித்தது, இரண்டாவது வாயில் பழகிவிட்டது. மிளகாய்ப்பொடி விளாத்திகுளம் வத்தலுக்குத் தோற்காது. புதன், வெள்ளி அவர்களுக்கு விரதம், கவுச்சி கிடையாது. வெள்ளிக்கிழமை நானும் கவுச்சி தொட மாட்டேன் என்றதும் சமையற்காரம்மா என்னைத் தங்கள் சர்ச் ஆளாக முடிவு செய்துகொண்டார். நான் மறுக்கவில்லை, குழம்பு இன்னொரு கரண்டி கிடைத்தது. வழியில் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி, நம்மூர் விலாசம் இருக்குமென்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு ஏதோ நாட்டுச் சரக்கு. அதற்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை.

தலைநகரைத் தாண்டித் தென்மேற்கே போகப் போக மண் கறுத்தது. ஒரு வளைவில் திரும்பியதும் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். மழைக்காலம் முடிகிற சமயம். எருதுகள் ஏர் இழுக்க, ஈர மண் புரண்டு பளபளவென்று கிடந்தது. நான் வண்டிக்குள்ளேயே எழுந்து நின்றுவிட்டேன். நாகலாபுரத்துப் பக்கம் ஐப்பசியில் பார்க்கிற அதே காடு. பனைமரமும் கருவேலும் இருக்க வேண்டிய இடத்தில் யூகலிப்டஸ் நின்றது. வந்தது வெளிநாடா, நம்ம தாலுகாவா என்று மனசுக்குப் பிடிபடாமல் கொஞ்ச நேரம் தடுமாறியது.

அந்தத் தடுமாற்றத்தில் டிரைவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன். அவர் ரோட்டைவிட்டு இறக்கினார். ஈரக் கரிசலில் வண்டியை இறக்கினால் என்ன ஆகுமென்று எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம். அச்சு வரைக்கும் புதைந்தது. நான் இறங்கித் தள்ளப் போய், ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெண்மணி இரண்டு எருதுகளை ஓட்டிக்கொண்டு வந்து, கயிறு கட்டி எங்களை இழுத்துப் போட்டார். அவர்தான் அல்மாஸ். நாங்கள் அளக்கப் போகிற நிலத்துக்குச் சொந்தக்காரர்.

அவர் வீட்டில்தான் காப்பி. நம்மூர்க் காப்பி மாதிரி ஆற்றிக் குடித்துவிட்டு எழுந்து போக முடியாது. பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, புகையை நம் மூக்கருகே காட்டி, இடித்து, கொதிக்க வைத்து, மூன்று தடவை ஊற்றுகிறார்கள். கூடவே சோளப்பொரி. அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டு வந்தது. அல்மாஸ் இன்ஜெராவைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து, உருட்டி, நேராக என் வாய்க்குக் கொண்டுவந்தார். விருந்தாளிக்கு முதல் வாய் ஊட்டிவிடுவது அவர்கள் மரியாதையாம். கல்யாணத்தன்று என் மனைவி ஊட்டியதற்குப் பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. அவர் கணவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுகிறார். வாங்கிக்கொண்டேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

அல்மாஸ் தன் பாஷையில் பேச, செல்வராஜ் அதைக் கழுகுமலைப் பேச்சில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அதனால் அந்த அம்மா பேசியதெல்லாம் என் காதில் நம்மூர்க்காரி பேசியது போலத்தான் பதிந்திருக்கிறது. விஷயம் இதுதான். சண்டை நடந்தபோது ஓடையை ஆட்கள் இறங்கிக் கடக்கிற கடவைக் காக்க அவருடைய தாத்தாவையும் வேறு சில ஆட்களையும் நிறுத்தியிருந்தார்கள். இத்தாலிக்காரர்கள் அந்தக் கடவு வழியாகத்தான் ஏறி வந்தார்கள். கடவுக்கு மேலே மேட்டில் நின்ற ஊர்க்காரர்களெல்லாம் செத்தார்கள். கடவில் நின்றவர்களில் அல்மாஸின் தாத்தா மட்டும் உயிரோடு வீட்டுக்கு வந்தார். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை, வயதாகிச் செத்தார். ஊர்தான் சொன்னது. ஓடிவந்தவன் வீடு என்று அந்த வீட்டுக்குப் பெயர் வந்தது. செத்தவர்களுக்காக வருடா வருடம் சர்ச்சில் நடக்கும் பூசையில் எல்லாக் குடும்பத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இவர்களைத் தவிர.

இந்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் சண்டையின் வரைபடத்தைப் பெரிய பலகையில் வரைந்து வைக்கப் போகிறார்கள். அல்மாஸின் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். படம் போட வேண்டுமென்று பெக்கெலேயைத் தேடிப் போய்க் கேட்டதே அல்மாஸ்தான். புஞ்சையில் பொறுக்கிய தோட்டாக் கூடுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"எங்க தாத்தா ஓடலங்கது இந்த மண்ணுக்குத் தெரியும், நீங்க அத அளந்து எழுதிக் குடுங்கன்னு சொல்லுதாவ" என்றார் செல்வராஜ்.

மண் எங்கே எழுதிக் கொடுத்தது என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. எங்கள் பக்கக் கரிசலில் நட்ட எல்லைக்கல் கோடையில் வெடிப்புக்குள் சாயும், மழையில் இடம் மாறும். நேற்று இருந்த கல்லை இன்று தேடி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் வாயில் சோறு இருந்தது, தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் வேலை ஆரம்பித்தது. பெக்கெலே நெட்டையான, மெதுவாகப் பேசுகிற மனிதர். வெயில் ஏறினாலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கல்லூரி மாணவர்கள் உலோகம் தேடும் கருவியைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டே போவார்கள். கருவி கத்துகிற இடத்தில் தோண்டிப் பார்த்து ஒரு கொடி நடுவார்கள். நான் அந்தக் கொடியின் இடத்தை அளந்து குறிப்பேன். தடித்த கூடு என்றால் ஊர்க்காரர்களின் பழைய துப்பாக்கி, சிவப்புக் கொடி. மெலிந்த கூடு இத்தாலிக்காரர்களுடையது, மஞ்சள் கொடி. ஊர்க்காரர்கள் இத்தாலித் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டிருந்தால் என்ன கொடி என்று கேட்டேன். பெக்கெலே நெடுநேரம் யோசித்துவிட்டு, அது நல்ல கேள்வி என்றார். சிவப்புப் பென்சிலால் அதைக் குறித்துக்கொண்டார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். மஞ்சள் கொடிகள் அங்கே கொட்டிச் சிதறியது போல் கண்டபடி கிடந்தன. இந்தப் பக்கம் அல்மாஸின் புஞ்சை. இங்கே சிவப்புக் கொடிகள், ஆனால் சிதறவில்லை. கடவில் தொடங்கி ஊரைப் பார்த்து மேற்கே, நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு. கணினித் திரையில் அந்தக் கோடு விழுந்ததைப் பார்த்து எனக்கு ஒரே சந்தோஷம். கோணல்மாணலாகவே அளந்து பழகிய கண்ணுக்கு நேர்கோடு கிடைப்பது அபூர்வம். பெக்கெலேயைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஏதோ நானே வரைந்தது போல.

அவர் சந்தோஷப்படவில்லை. வெகுநேரம் பார்த்தார். பிறகு காகிதத்தில் எடுத்த படத்தின் மேல் சிவப்புப் பென்சிலால் கடவிலிருந்து ஊர்வரை ஒரு அம்புக்குறி போட்டார். ஓடிக்கொண்டே திரும்பித் திரும்பிச் சுட்டிருக்கிறார்கள், கூடுகள் போகிற வழியெல்லாம் விழுந்திருக்கின்றன என்றார். பின்வாங்கல் என்று பக்கத்தில் எழுதினார். எழுதும்போது அவர் முகம் நன்றாகவே இல்லை.

சாயங்காலம் அல்மாஸ் படத்தைப் பார்க்க வந்தார். அவருக்குப் படம் படிக்கத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆனால் அம்புக்குறி எந்த ஊர்க்காரருக்கும் விளங்குகிற எழுத்து. அதன் வால் எங்கே, முனை எங்கே என்று விரலை வைத்துப் பார்த்தார். முனை போய் நின்ற இடத்தில் அவர் வீடு இருந்தது. காப்பி மூன்று தடவையும் ஊற்றினார், ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டு வந்தது. யாருக்கும் ஊட்டவில்லை. ஆயிரம் கைகலப்புக்கு நடுவே அளவுக் கயிறு பிடித்திருக்கிறேன், இப்படி ஒரு வீட்டிலிருந்து எழுந்து போக வெட்கப்பட்டதில்லை.

இரவு செல்வராஜிடம், படம் பொய் சொல்லுமா என்று கேட்டேன். "நீங்கதான அண்ணாச்சி அளந்தது" என்றார். அளவில் தப்பில்லை. இருந்தாலும் உள்ளே எதுவோ நெருடிக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் விடுபட்ட மூலை ஒன்றை அளக்கப் புஞ்சைக்குக் குறுக்கே நடந்தேன். அல்மாஸின் கணவர் ஒரு பக்கம் கொண்டைக்கடலை விதைக்க உழுதுகொண்டிருந்தார். அல்மாஸ் பின்னால் கட்டிகளை உடைத்துக்கொண்டு வந்தார். பெக்கெலேயும் செல்வராஜும் ஓரத்தில் நின்றார்கள். நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று பெக்கெலே அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன செய்தேன், ஏதாவது செடியை மிதித்தேனா? அவர் கையை ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தில் கத்தினார். என்ன காரியம் செய்தீர்கள், அது சாட்சி அல்லவா என்றார். எது சாட்சி என்றேன்.

"அண்ணாச்சி, இப்ப குனிஞ்சு எதையோ எடுத்து அங்கன வீசுனியளே" என்றார் செல்வராஜ்.

சத்தியமாக எனக்கு நினைவில்லை. காலில் எதுவோ தட்டியிருக்கிறது. எடுத்து, மண்ணை உதறி, பொழியில் வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன். புஞ்சைக்கும் புஞ்சைக்கும் நடுவில் எல்லையாக விடுகிற மேட்டை எங்கள் பக்கம் பொழி என்போம். உழுகிற காட்டில் கல்லோ ஓடோ தட்டுப்பட்டால் ஏரின் கொழுமுனையில் மாட்டும். அதனால் எடுத்துப் பொழியில் எறிவது கரிசல்காரன் கைக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். யோசித்துச் செய்கிற வேலையில்லை. என் சொந்தக்காரர் புஞ்சையானாலும் பகையாளி புஞ்சையானாலும் அப்படித்தான் செய்வேன். தோட்டாக் கூட்டை இருந்த இடத்திலேயே வைத்து அளக்க வேண்டியவன், அதையும் அப்படியே செய்துவிட்டேன்.

நான் வீசியதைத் தேடி எல்லோரும் போனோம். அது தடித்த கூடுதான் என்று பெக்கெலே சொன்னார், பறக்கும்போது பார்த்தாராம். பொழியில் போய்ப் பார்த்தால் அங்கே சிவப்புக் கொடிகள் வரிசையாக நின்றன. கொடிக்குக் கொடி குழியிலிருந்து எடுத்த கூடுகள், மண் அப்பிய கூடுகள். நான் எறிந்தது அவற்றில் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்த மாதிரி விளங்கியது. என் நேர்கோடு இந்தப் பொழிதான். தாத்தா ஓடிய வழியல்ல.

எருதை நிறுத்திவிட்டு அல்மாஸின் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். செல்வராஜ் விசாரித்தார். அவரும் அப்படித்தான் எறிவாராம், அவருக்கு முன் உழுதவர்களும் அப்படித்தானாம். அல்மாஸ் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்த கூடுகளும் பொழியிலிருந்து பொறுக்கியவைதான். ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லை, இதெல்லாம் ஒரு விஷயமா என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கரிசலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உறைக்கவில்லையே.

மேய்ச்சல் நிலத்தில் ஏர் போவதில்லை. அதனால்தான் அங்கே மஞ்சள் கொடிகள் விழுந்த இடத்திலேயே சிதறிக் கிடந்தன. பெக்கெலேக்கு இதைப் படம் போட்டு விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ரப்பரை எடுத்து அம்புக்குறியை அழித்தார். அழித்த சூட்டோடு, கடவுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, இங்கே நின்று சுட்டார்கள் என்று எழுதப் போனார். அவ்வளவு நல்ல மனிதர். நேற்றுச் செய்த காயத்துக்கு இன்றே மருந்து போட்டுவிட வேண்டும் அவருக்கு.

நான் அவர் கையைப் பிடித்தேன்.

வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை. அல்மாஸ் நேர் எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அழித்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, அந்த வட்டத்தை நானே போட்டுக் கொடுத்திருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் பொழியில் கிடக்கிற கூடு இந்தப் புஞ்சைக்குள் எங்கேயோ சுட்டார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். கடவில் நின்று சுட்டதா, நடுவில் நின்றதா, ஓடும்போதா, கரிசல் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. ஓடினார் என்று நேற்றுத் தெரியாமல் எழுதினோம். நின்றார் என்று இன்றைக்கு எழுதினாலும் அதே தப்புதான். அந்தப் பலகையை நாளைக்கே இன்னொருவன் வந்து அழிப்பான். அப்போது இந்தக் குடும்பத்தின் நிலை இன்னும் மோசமாகும். இதையெல்லாம் செல்வராஜிடம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

செல்வராஜ் தயங்கினார். "இத நான் எப்படிச் சொல்லுவேன் அண்ணாச்சி" என்றார். பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

அல்மாஸ் கேட்டு முடித்தார். ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் எங்கள் புஞ்சையில் என்ன எழுதுவீர்கள்?

தெரியாது என்று எழுதுவோம் என்றேன். புஞ்சையின் உருவத்தை மட்டும் வரைந்து, இங்கே என்ன நடந்ததென்று தெரியவில்லை என்று ஒரு வரி. இதற்காகவா எருது கட்டி எங்களை இழுத்தார், இதற்காகவா காப்பி வறுத்தார் என்று நினைத்துக்கொண்டே காலில் ஒட்டிய மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

அல்மாஸ் பொழிக்குப் போய் ஒரு கூட்டை எடுத்து, ஊதிப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார். திரும்பி வந்து செல்வராஜிடம் பேசினார், அவசரமில்லாமல். செல்வராஜ் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியே எழுதச் சொல்லுதாவ. 'எங்க தாத்தாவப் பத்தி இந்த ஊர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. அத நல்லாப் பெருசா எழுதுங்க, எம் பிள்ள தூரத்துல வரும்போதே வாசிக்கணும்'ங்காவ."

பெக்கெலே தங்கள் நாட்டு எழுத்தில் அந்த வரியை எழுதினார். புஞ்சைக்கு மேற்கே கொஞ்சமும் கிழக்கே கொஞ்சமும் வழிந்தது, அவ்வளவு பெரிதாக. அளவுக்கு ஒவ்வாத எழுத்து என்று எங்கள் தொழிலில் ஒதுக்கிவிடுவோம். இதை அப்படியே விட்டேன்.

அன்று மத்தியானம் தட்டு வந்ததும் அல்மாஸ் முதல் வாயைப் பெக்கெலேக்கு ஊட்டினார். அடுத்தது எனக்கு. அவர்கள் வழக்கத்தில் உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு அன்பாம். இது என் வாய்க்கு அடங்காத அளவு. மிளகாய் வேறு. கண்ணெல்லாம் தண்ணீர். ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள் என்று அவர் கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை மென்றுகொண்டே, பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.